செயலாளரின் வலது கை

சபையில் ஏசி போட்ட பிறகுதான் சிலருக்கு மீன் வாடை அடிக்க ஆரம்பித்தது. அதற்கு முன்பும் ஏரிக்கரைக் குடும்பத்தினர் எங்களோடு சேர்ந்துதான் காலை ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அப்போது ஜன்னல்கள் திறந்திருந்தன. மின்விசிறிகள் கடகடத்தன. பக்கத்தில் ரயில் போகும்போதெல்லாம் பிரசங்கம் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. யாருக்கும் எந்த வாடையும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. கண்ணாடி ஜன்னல்களைச் சாத்தி, குளிர் வெளியே போய்விடாதபடி இடுக்குகளையெல்லாம் அடைத்த பிறகு, கமிட்டிக் கூட்டத்தில் எங்கள் செயலாளர் எழுந்து பேசினார்.

"நான் யாரையும் குறை சொல்லலை. நம்ம ஏரிக்கரை ஜனங்க பாவம், காலையில வியாபாரத்தை விட்டுட்டு அவசர அவசரமா ஓடி வர்றாங்க. அவங்களுக்குன்னு மத்தியானம் மூணு மணிக்குத் தனியா ஒரு ஆராதனை வெச்சுட்டா வசதியா இருக்கும். ஃப்ரீயா வந்து ஃப்ரீயா பாடிட்டுப் போகலாம்."

கமிட்டியில் இருந்த இரண்டு பெண்களில் நான் ஒருத்தி. "அவங்க கேட்டாங்களா சார்?" என்றேன்.

"கேக்கத் தெரியாத ஜனங்க சிஸ்டர். நாமதான் யோசிச்சுச் செய்யணும்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் மெல்லிய குரலில், "ஸ்மெல் பிராப்ளம்னு சில ஃபேமிலீஸ் ஃபீல் பண்றாங்க" என்றார். பல தலைகள் ஆடின. சாதி என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. எங்கள் சபையில் அந்தச் சொல்லை யாரும் உச்சரிப்பதே இல்லை. அதனால் அது இங்கே கிடையாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

ஏரிக்கரையிலிருந்து வந்த குடும்பங்களில் மீன் விற்றவர்கள் இரண்டே வீட்டார். மற்றவர்களில் பெயிண்டர் உண்டு, வீட்டு வேலை செய்பவர்கள் உண்டு, கொரியர் கொடுக்கும் பையன்கள் உண்டு. பெயிண்டருக்கு என்ன மீன் வாடை என்று கேட்டேன். கை தூக்கச் சொன்னார்கள். தனி ஆராதனை பெரும்பான்மையாக நிறைவேறியது. மூன்று மணி வெயிலில் நடக்கும் அந்த ஆராதனைக்கு ஏசி போடுவதில்லை என்பதும் அப்போதே முடிவாகியிருந்தது. அது மட்டும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் பிசியோதெரபிஸ்ட். வீடு சிட்லபாக்கத்தில். பகலில் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை. சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் என்று நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பேன். ஞாயிறுதோறும் ஏரிக்கரைக் குழந்தைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தியதும் நான்தான். அந்தக் குழந்தைகளில் ஒருத்தியின் அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன்கடை போடுகிறாள். என்னைவிட இளையவள், உரிமையோடு பழகுகிறவள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் மீனுக்கு வியாபாரம். அப்படிப்பட்ட நாளில் கடையைக் கணவனிடம் விட்டுவிட்டு, குளித்து, பூப்போட்ட புடவை கட்டி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு காலை ஆராதனைக்கு வருவாள். முடிந்ததும் ஓட்டமும் நடையுமாகத் திரும்புவாள். அவளுக்கு மூன்று மணிதான் வசதி என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தாரோ!

தீர்மானம் நிறைவேறிய அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பத்தினர் வழக்கம்போல் காலையிலேயே வந்தார்கள். செயலாளர் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. அவர்கள் நெருங்கி வந்ததும் கேட்டை இழுத்துச் சாத்தி, கம்பியைப் பற்றிய மீன்கடைக்காரி மகளின் கையை விலக்கிவிட்டு, சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போட்டார். நான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தேன். என் கண் முன்னால்தான் நடந்தது.

"மூணு மணிக்கு வாங்கம்மா. அதான் சொல்லியிருக்கோம்ல?" என்றார், ரேஷன் கடை வாசலில் சொல்வதைப்போல. என்னைப் பார்த்ததும், "சிஸ்டர், நீங்க சைடு கேட்ல வாங்க" என்றார்.

நான் போகவில்லை. எங்கள் பாடகர் குழுவை நடத்தும் ஓய்வுபெற்ற வாத்தியாரும் போகவில்லை. இன்னும் சிலர் எங்களோடு வெளியே நின்றுவிட்டார்கள். மீன்கடைக்காரியின் மகள் மறுபடியும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று அவள் வேதாகமத்திலிருந்து சங்கீதம் ஒன்றை மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய நாள். இரண்டு வாரமாக நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

முகப்பில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. அதன் வழியாக ஆயரின் பிரசங்கம் தெருவுக்குக் கேட்டது. அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், பகைவர்களை நேசிப்பது. "வெளியே நிற்கிற பிள்ளைகளுக்கும் சொல்லுகிறேன். கசப்பை விட்டுவிடுங்கள். உங்களுக்கு விரோதமாய் இருக்கிறவர்களை நேசியுங்கள்" என்றார். பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சின்ன வயதிலிருந்து அந்த வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவற்றைச் சொன்ன இயேசு அடி வாங்கியவர்களின் நடுவில் உட்கார்ந்து சொன்னார். இங்கே அடித்தவனின் பக்கத்தில் நின்றுகொண்டு, மைக்கில், குளிரூட்டிய அறையிலிருந்து சொல்லுகிறார்கள். நேசத்தை இப்படியும் ஒரு கட்டையாக எடுத்து ஒருவர் வாயில் திணிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் மேல்நிர்வாகமான பேராயத்தில் முறையிட்டோம். அதன் பிறகு கேட் பூட்டப்படவில்லை. பதிலுக்கு வாசலில் இரண்டு தொண்டர்கள் நின்று, முகம் பார்த்து ஆளைப் பிரித்து அனுப்பினார்கள். வாத்தியாரும் நானும் இன்னும் சிலரும் மூன்று மணி ஆராதனைக்கே போக ஆரம்பித்தோம். வியர்வையில் பாட்டுப் புத்தகம் கையில் ஒட்டும்.

அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு காலை வாத்தியார் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "சிஸ்டர், விஷயம் தெரியுமா? செயலாளருக்கு ஸ்ட்ரோக். வலது கை, வலது கால் ரெண்டும் விழுந்துடுச்சு. கேட்டைப் பூட்டின கை சிஸ்டர்! அதே கை! ஆண்டவர் சும்மா விடுவாரா?"

"சார், மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. அவ்வளவுதான்."

"அப்படிச் சொல்லாதீங்க. இது கர்த்தருடைய செயல்."

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். இதே வலது கையை நான் எத்தனை பேரிடம் பிடித்திருக்கிறேன்! பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போன மறுவாரம் விழுந்த பெண்ணின் கை. வகுப்பில் பாடம் நடத்தியபடியே சரிந்த ஆசிரியரின் கை. அவர்கள் எந்தக் கேட்டைப் பூட்டினார்கள்? இவர்களுடைய கடவுள் இவர்களுக்காக அடியாள் வேலை பார்க்கிறவர் போலும். நியாயம் எங்கள் பக்கம் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த வாரம் நான் கேட்ட பேச்சுகள் காது கூசும்படி இருந்தன. ஒரு பெண் இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். நான் அதைத் தொடவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு புதிய எண்ணிலிருந்து அழைப்பு. செயலாளரின் மனைவி. சபையில் அதிகம் பேசாதவர். எப்போதும் கணவருக்கு இரண்டடி பின்னால் நடப்பவர்.

"ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. டாக்டர் உங்க நம்பரைத்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்க்கிறதுக்கு இந்தப் பக்கம் நீங்கதான் இருக்கீங்களாம். அவரு வேண்டாம்னாரு. நான்தான்... நீங்க வருவீங்களான்னு தெரியலை."

"நாளைக்குச் சாயங்காலம் வர்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டு, அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ்வளவு கோபம் இருந்தா போகாதே. உன்னை யாரு கேக்கப்போறா?" என்றார்.

"போகாம எப்படி இருக்கறது?"

"அப்ப போ."

"போறேன். ஆனா எனக்கு அந்த ஆளைப் பிடிக்கலை."

"சரிம்மா, குழம்பு ஊத்து."

நேசம் என்று ஏதாவது உள்ளே ஊறும் என்று காத்திருந்து பார்த்தேன். ஒன்றும் ஊறவில்லை. மறுநாள் சாயங்காலம் அதே எரிச்சலோடுதான் செயலாளர் வீட்டு மணியை அடித்தேன்.

கட்டிலின் ஓரத்தில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது தோள் இறங்கிப்போயிருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மடிப்புக் கலையாத மனிதருக்கு யாரோ பழைய டி-ஷர்ட் ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தேன். "சார், இப்பவே சொல்லிடறேன். உங்க கைகாலுக்காகத்தான் வந்திருக்கேன். சபை விஷயத்துல என் பேச்சு மாறாது. புகாரை வாபஸ் வாங்க மாட்டேன். விசாரணை வந்தா உங்களுக்கு எதிராத்தான் பேசுவேன். உங்களுக்குச் சம்மதம்னா ஆரம்பிக்கலாம்."

அவர் மனைவி வாசற்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். செயலாளர் குழறலாக, "ஆரம்பிங்க" என்றார்.

எழுந்து நிற்கவைக்க முயன்றபோது அவர் முழு எடையும் என் தோளில் விழுந்தது. அழுதார். இந்த நோயில் மூளை சில சமயம் காரணமில்லாமலே அழவைக்கும், சிரிக்கவைக்கும். அது நோயா துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. "மூச்சை அடக்காதீங்க சார். முட்டியை நிமிர்த்துங்க" என்றேன்.

தினமும் போனேன். மேசைமேல் துண்டை விரித்து, வலது கையை இடது கையால் பிடித்துத் துடைக்கச் சொல்வேன். மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பேன். ஐந்தாறு வாரத்தில் நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்து ஹாலுக்கு வந்தார். பேச்சும் ஓரளவு திரும்பியது. பேச்சு திரும்பியதும் பழைய ஆளும் திரும்பினார்.

"அதுங்களுக்காக நீங்க ஏன் சிஸ்டர் இவ்வளவு மெனக்கெடறீங்க? அதுங்க நாளைக்கே வேற சபைக்குப் போயிடும்."

அவர் சுண்டுவிரல் அப்போது என் கையில் இருந்தது. "அதுங்க இல்லை சார். அவங்க."

"என்ன?"

"அவங்க. பேச்சுப் பயிற்சின்னு நினைச்சுச் சொல்லுங்க. அ-வங்-க."

முறைத்தார். சமையலறைப் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்து சட்டென்று நின்றது. அவர் மனைவி சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. செயலாளர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. நானும் அன்று அவருக்குப் பயிற்சியைக் குறைத்துவிடவில்லை.

வேறொரு நாள் அவரே கேட்டார். "என் மேல அவ்வளவு வெறுப்பு. அப்புறம் ஏன் வர்றீங்க? புண்ணியத்துக்கா?"

"நீங்க நடக்கணும் சார்."

"நான் நடந்தா உங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. நீங்க நடக்காம கிடக்கறதுலயும் எனக்கு ஒண்ணும் கிடைக்காது. கையை நீட்டுங்க."

அதற்குமேல் எனக்கு விளக்கம் தெரியவில்லை. இயேசு சொன்னார், செய்கிறேன். பிடித்துச் செய்யச் சொன்னாரா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒருநாள் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது ஆயர் ஜெபிக்க வந்தார். நான் செயலாளரின் முழங்காலைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியின் அர்த்தம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆராதனையில் தெரிந்தது. பீடத்தில் நின்றுகொண்டு, "நம் அருமைச் சகோதரி ஒருவர் தனக்கு விரோதமாய் இருந்தவரின் வீட்டுக்கே போய்த் தினமும் சேவை செய்கிறார். பகை தீர்ந்தது, சமாதானம் வந்தது. இனி விசாரணையெல்லாம் எதற்கு? வருகிற வாரம் சகோதரி சாட்சி சொல்லுவார்" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து மறுக்கவில்லை. ஆயர் ஆசீர்வாதம் சொல்லி முடித்துவிட்டார்.

மீன்கடைக்காரி வெளியே வெயிலில் எனக்காகக் காத்திருந்தாள். மகளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தாள்.

"இன்னாக்கா, அவரு வூட்டுக்குப் போய்க்கினு கீறியா? எங்கையில ஒரு வார்த்த சொல்லல?"

"அது என் வேலைம்மா. உடம்புக்கு முடியாதவரு..."

"முடியாதவரா? எம் பொண்ணு கேட்டப் புடிச்சுக்கினு அழுதாளே, அன்னிக்கி அவருக்கு எல்லாம் முடிஞ்சிது இல்ல?"

"நான் அவரை மன்னிச்சுட்டேன்னு யார்கிட்டயும் சொல்லலை."

"ஐயரு சொல்றாரே! அத்தக் கேட்டுக்கினு நீ கம்முனுதானே நின்ன?" அவள் குரல் உடைந்தது. "அக்கா, நீ வெளிய நின்ன. சரி. ஆனா உன்ன யாரும் வெளிய நிக்க வெக்கல. சைடு கேட்டு உனுக்குத் தொறந்துதான் இருந்துச்சு. எங்களுக்கு இன்னா இருந்துச்சு? மன்னிக்கிறதுன்னா நான் மன்னிக்கணும். நீ எப்டி எனுக்கோசரம் மன்னிப்ப?"

அவள் மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் நேராக ஆயர் இல்லத்துக்குப் போனேன். அவர் அப்போதுதான் அங்கியைக் கழற்றிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் சாட்சி சொல்லப்போறதில்லை."

"ஏம்மா? எவ்வளவு அருமையான காரியம்! உங்க பெரிய மனசைப் பார்த்து மத்தவங்களும்..."

"எனக்குப் பெரிய மனசெல்லாம் இல்லைங்கய்யா. அந்த வீட்டுக்குப் போறது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருக்கிற விஷயம். அதை எடுத்து நீங்க அந்த ஜனங்க வாயை அடைக்கிறீங்க. அதுக்கு நான் சம்மதிக்கலை."

"அன்புன்னா விட்டுக்கொடுக்கிறதுதானேம்மா?"

"விட்டுக்கொடுக்கட்டும். ஏசியில உட்கார்ந்திருக்கிறவங்க முதல்ல விட்டுக்கொடுக்கட்டும். வெயில்ல நிக்கிறவங்ககிட்ட விட்டுக்கொடுக்க என்ன இருக்கு?"

டீயை மேசைமேல் வைத்துவிட்டு, நான் மிகவும் உணர்ச்சிவசப்பட்டிருப்பதாகச் சொன்னார். ஒரு பெண் நியாயம் கேட்டால் அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் உணர்ச்சிவசப்படுதல். அடுத்த ஞாயிறு, அவர் கூப்பிடாமலே நான் எழுந்து நின்றேன். சமாதானம் எதுவும் ஆகவில்லை, நான் யாருக்காகவும் யாரையும் மன்னிக்கவில்லை, புகார் அப்படியே இருக்கிறது என்று சபையாருக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மீன்கடைக்காரி என் பக்கம் திரும்பவில்லை. வெளியே வரும்போது மட்டும், "நாளிக்கி வஞ்சரம் வரும். வந்து வாங்கிக்கோ" என்றாள்.

பேராயத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் விசாரணைக்கு வந்தார்கள். சபையின் பழைய கூடத்தில் உட்கார்ந்தார்கள். செயலாளர் ஊன்றுகோலோடு தானே நடந்து வந்தார். நான் சொல்லிக்கொடுத்த நடை: ஊன்றுகோல், வலது கால், இடது கால். ஒரு பிழையில்லை. அதைப் பார்த்து எனக்குத் தொழில்ரீதியாக ஒரு திருப்தி ஏற்பட்டது என்பதை மறைக்கமாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து, தெளிவாக, நிதானமாக, "கேட் பூட்டப்படவே இல்லை. பாதுகாப்புக்காகச் சாத்தி வெச்சிருந்தோம். யாரையும் தடுக்கலை" என்றார்.

இத்தனை மாதம் அந்த நாக்குப் புரள வேண்டுமென்று பாடுபட்டவர்களில் நானும் ஒருத்தி. எழுந்தேன்.

"சங்கிலியைச் சுற்றி இவர்தான் பூட்டினார். என் கண்ணால பார்த்தேன். என்னை மட்டும் சைடு கேட்ல வரச் சொன்னார். இப்ப சொல்றது பொய்."

கூடத்தில் சலசலப்பு. செயலாளர் என்னைப் பார்க்கவில்லை. வந்திருந்த பெரியவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "இவருக்கு நீங்கதான் சிகிச்சை கொடுக்கறீங்களாமே? இவ்வளவு பெரிய மனசு இருக்கிற நீங்க இதையும் பெருந்தன்மையா..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா, பெருந்தன்மை பேச நான் வரலை. பார்த்ததைச் சாட்சி சொல்ல வந்தேன். அடுத்து அந்த அம்மாவைக் கேளுங்க."

மீன்கடைக்காரி எழுந்தாள். நீளமாகப் பேசவில்லை. "இவருதான் பூட்டுனாரு. எம் பொண்ணு கைய எடுத்துட்டுத்தான் பூட்டுனாரு. கேட்டா, மீன் நாறுதுன்னாங்க. அன்னிக்கி நான் குளிச்சிட்டு வந்தேன்" என்றாள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் தலை குனிந்தாள். அந்தக் குனிந்த தலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எதையாவது எடுத்து உடைக்கலாம் போலிருக்கும். குளித்தேன் என்று ஒரு பெண்ணைச் சபைக்கு நடுவில் சொல்லவைத்தவர்கள் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

விசாரணை முடிந்தது. கூடத்துக்கு வெளியே ஐந்தாறு படிகள், கைப்பிடி கிடையாது. செயலாளரின் ஆட்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே முன்னால் இறங்கிப் போய்விட்டார்கள். அவர் மனைவி ஆட்டோ கூப்பிடப் போயிருந்தார். மேல்படியில் அவர் ஊன்றுகோலோடு தனியாக நின்றார். படி இறங்க நான் இன்னும் பழக்கியிருக்கவில்லை. பாதம் முன்னே போய், பயந்து, பின்னே வந்தது.

ஒரு நொடி, நிற்கட்டும் என்றுதான் தோன்றியது. பிறகு அவர் வலது பக்கம் போய் இடுப்புப் பட்டையைப் பிடித்தேன்.

"கோலை முதல்ல கீழ வைங்க சார். அப்புறம் வலது கால். இப்ப இடது."

நடுங்கிக்கொண்டே இறங்கினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கீழே மீன்கடைக்காரி மகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"எறக்கி வுட்டுட்டு வா" என்றாள். "ஷேர் ஆட்டோ நிக்கிது. சேந்து போலாம்."

மறுநாள் சாயங்காலம் நான் போனபோது அவர் மனைவி வாசற்கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். "இனிமே வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு" என்றார். கண் சிவந்திருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று, தோளை எப்படித் தூக்க வேண்டும், எப்படித் தூக்கக்கூடாது என்று அவர் கையையே பிடித்துச் செய்து காட்டினேன். "இதை விட்டுடாதீங்க. விட்டா தோள் இறுகிடும்" என்றேன். ஸ்கூட்டரைக் கிளப்பியபோது வாய்விட்டே திட்டினேன். என்ன திட்டினேன் என்று எழுதினால் இந்தப் பக்கத்துக்கு ஆகாது.

கோடை விடுமுறைக்கு முன்னால் பேராயத்திலிருந்து முடிவு வந்தது. மூன்று மணி ஆராதனை நிறுத்தப்பட்டது. கமிட்டி மாற்றப்பட்டது, செயலாளர் பதவியில் வேறொருவர். ஆயருக்கு மாற்றல். புதிதாக வந்த ஆயர் அறிவிப்பை வாசித்தார்: நிர்வாகக் காரணங்களுக்காக எல்லோருக்கும் ஒரே ஆராதனை நடைபெறும். நிர்வாகக் காரணங்களுக்காக! தவறு நடந்தது என்று ஒரு வரி கிடையாது. மன்னியுங்கள் என்று ஒரு சொல் கிடையாது. ஒரு குழந்தையின் கையைக் கம்பியிலிருந்து விலக்கிப் பூட்டியது நிர்வாகமாம். இப்போது திறந்துவிடுவதும் நிர்வாகமாம். ஆராதனை முடிந்ததும் புதிய ஆயரிடம் போய் இதைக் கேட்டேன். "பழசைக் கிளறினா புண்ணு ஆறாதும்மா" என்றார். புண்ணைச் சுத்தம் செய்யாமல் கட்டுப்போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடமும் சொன்னேன்.

ஏரிக்கரைக் குடும்பங்களில் பாதிப் பேர்தான் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் கோவிலம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் கூடும் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார்கள். அவர்களை அழைக்க எனக்கு வாய் வரவில்லை. மீன்கடைக்காரி வந்தாள். மகளோடு இரண்டாவது வரிசையில் உட்காருகிறாள். முதல் ஞாயிறு அந்த வரிசையிலிருந்து ஒரு குடும்பம் எழுந்து பின்னால் போனது. அவள் அசையவில்லை. வாத்தியார் தன் இடத்தை விட்டு வந்து அந்த வரிசையில் உட்கார்ந்தார். அவர் மேல் எனக்கிருந்த வருத்தம் அன்று கொஞ்சம் குறைந்தது.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள், மருத்துவமனையில் என் அறைக்கு வெளியே பெஞ்சில் பழைய செயலாளரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சியை விட்டுவிட்டார். தோள் கல்லாக இறுகியிருந்தது. வலியில் தூக்கமில்லையாம்.

"சொன்னேனா இல்லையா?" என்று சத்தம் போட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திடுக்கிட்டார். "என் மேல கோபம்னா என் மேல காட்டணும். உங்க தோள் என்ன பண்ணுச்சு?"

செயலாளர் கட்டிலில் படுத்தார். நான் கையைப் பிடித்து மெல்ல மேலே கொண்டுபோனபோது பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு கூரையைப் பார்த்தபடி, "கேட்டை நான்தான் பூட்டினேன்" என்றார்.

"தெரியும் சார். நான் அங்கதான் நின்னேன். என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க."

"எப்படிம்மா... அவங்க முகத்தைப் பார்த்து..."

அவங்க என்றார். நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "மார்க்கெட்டுல முதல் சந்து. படி கிடையாது. கோலை ஊன்றிக்கிட்டு நீங்களே போகலாம்" என்றேன்.

இதை எழுதும் நாள்வரை அவர் போகவில்லை. ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். "பாக்கலாம் சிஸ்டர்" என்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. மீன்கடைக்காரியிடம் இதைப் பற்றி நான் பேசுவதில்லை. அவர் வந்தால் அவள் என்ன செய்வாள் என்பது அவள் பாடு. என்னால் முடிந்தது, அவரால் அங்கே நடந்து போக முடியும்படி வைத்திருப்பதுதான். வாரத்தில் மூன்று நாள் வருகிறார். நேற்று கை காது மட்டம்வரை உயர்ந்தது. "இன்னும் கொஞ்சம்" என்று அதட்டினேன். வலிக்கிறது என்றார். வலிக்கட்டும் என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.